கேட்காத கேள்வி, சொல்லாத பதில்: கரையான் வீட்டு வழக்குகளின் கதை



சென்ற காலாண்டில் நம் வளாகத்தில் மறுவிற்பனையான ஃப்ளாட் ஒன்றில் என்ன நடந்தது என்று உங்களில் பலருக்குத் தெரியும். எந்த ப்ளாக், யார் யார் என்று நான் எழுதப்போவதில்லை. புதிதாக வந்தவர் படுக்கையறை வார்ட்ரோபைக் கழற்றியபோது அதன் பின்பலகை பொடிப்பொடியாகக் கையோடு வந்துவிட்டது. உள்ளே மரம் இருக்க வேண்டிய இடத்தில் மண் இருந்தது. பக்கத்துக் கதவின் நிலைச்சட்டத்தை விரலால் அழுத்தினால் விரல் உள்ளே போயிற்று. பழைய ஓனருக்குப் போன் செய்தார். "உள்ளது உள்ளபடி வாங்கிக்கொள்கிறேன் என்று அக்ரிமெண்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே சார்" என்று பதில் வந்தது. அதன்பிறகு ஒரு வாரம் லிஃப்ட் அருகில் இதைப் பற்றித்தான் பேச்சு. பாதிப் பேர் வாங்கியவர் பக்கம். பாதிப் பேர் விற்றவர் பக்கம்.

நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. நான் வக்கீல் அல்ல, பி.காம். படித்துவிட்டு வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் பணிக்காலத்தின் கடைசிச் சில ஆண்டுகள் கடன் மீட்புப் பிரிவில் இருந்தேன். கடன் கட்டாதவர்களின் வீடுகளை 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டப்படி ஏலம் விடும்போது பத்திரிகையில் வரும் அறிவிப்பை டைப் செய்தது என் வேலை. எங்கே உள்ளதோ அங்கே, எப்படி உள்ளதோ அப்படியே, எது உள்ளதோ அதுவே என்ற அந்த வரியை எத்தனை முறை அடித்திருப்பேன் என்று கணக்கில்லை. அந்த வரிக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது என்பது, ஒரு பயிற்சி வகுப்பில் சட்ட அலுவலர் ஒருவர் ஓர் அமெரிக்க வழக்கைச் சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது. அதில் வீட்டை விற்றதும் ஒரு வங்கி. வீட்டைத் தின்றது கரையான். ஆகவே அன்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். பிறகு தேடித் தேடிப் படித்தேன். அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

வங்கி விற்ற வீடு

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் விட்டின்ஸ்வில் என்று ஒரு சிற்றூர். நெசவு இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையை நம்பி வளர்ந்த ஊர். அவ்வூர்ச் சேமிப்பு வங்கி, 1938 செப்டம்பரில், பாஸ்டனை அடுத்த நியூட்டன் நகரில் இருந்த ஒரு வீட்டை ஸ்விண்டன் என்பவருக்கு விற்றது. அவர் குடும்பத்தோடு குடியேறினார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்து, 1940 ஆகஸ்டு கடைசியில், வீடு முழுக்கக் கரையான் என்று அவருக்குத் தெரியவந்தது. மருந்தடிக்கவும் மரங்களை மாற்றவும் பெருஞ்செலவு. வங்கிக்கு இது முன்பே தெரியும், தெரிந்தே மறைத்தது, மேலோட்டமாகப் பார்க்கிற எவர் கண்ணுக்கும் இது தென்படாது என்று சொல்லி வழக்குப் போட்டார்.

வழக்கு 1942-ல் அம்மாநில உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வங்கிக்குத் தெரியுமா தெரியாதா என்று அங்கே சாட்சி விசாரணை எதுவும் நடக்கவில்லை. வாங்கியவர் சொல்வதெல்லாம் உண்மை என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் சட்டப்படி அவருக்கு வழக்கு உண்டா என்பதுதான் கேள்வி. இல்லை என்றது நீதிமன்றம்.

தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்டான்லி க்வா சொன்ன காரணம் இதுதான். வங்கி பொய் சொல்லவில்லை. பாதி உண்மை சொல்லி ஏமாற்றவுமில்லை. வாங்குபவர் சோதித்துப் பார்ப்பதைத் தடுக்கவில்லை. இருவரும் சரிசமமாக நின்று பேரம் பேசியவர்கள். வங்கி செய்ததெல்லாம் பேசாமல் இருந்ததுதான். பேசாமல் இருந்ததற்காக அதைப் பொறுப்பாக்கினால், தன் பொருளின் மறைவான குறையைச் சொல்லாத ஒவ்வொரு விற்பனையாளரும் பொறுப்பாக வேண்டும். அதே நியாயப்படி, பொருளில் மறைந்துள்ள ஒரு சிறப்பைத் தெரிந்தும் சொல்லாமல் மலிவாக வாங்குகிறவரும் பொறுப்பாக வேண்டும். சாதாரண மனிதர்களிடம் அவ்வளவு உயர்ந்த ஒழுக்கத்தைச் சட்டம் இன்னும் எதிர்பார்க்கத் தொடங்கவில்லை என்று முடித்தார். நியாய உணர்வு வாங்கியவர் பக்கம் சாய்கிறது என்பதை அவரே ஒப்புக்கொண்டார் என்பதுதான் இதில் விசேஷம்.

ஒரு வங்கிக்காரனாக இதைக் கேட்டபோது முதலில் எனக்கு நிம்மதிதான் வந்தது. பிறகுதான் அந்த வீட்டில் இரண்டு வருடம் படுத்துத் தூங்கிய குடும்பம் நினைவுக்கு வந்தது.

"வாங்குபவரே, உஷார்" எங்கிருந்து வந்தது?

வாங்குகிறவர்தான் பார்த்து வாங்க வேண்டும் என்ற கொள்கைக்கு லத்தீனில் 'கேவியட் எம்ப்டார்' என்று பெயர். லத்தீன் என்பதால் இது ரோமானியர் காலத்துப் பழஞ்சட்டம் என்று பலரும் நினைக்கிறார்கள். 1931-ல் யேல் சட்ட இதழில் வால்டன் ஹாமில்டன் என்ற பேராசிரியர் இதை ஆராய்ந்து, அந்தப் பழமை வெறும் தோற்றம் என்று காட்டினார். உண்மையில் ரோமாபுரிச் சந்தையில் விதி நேர்மாறாக இருந்தது. அங்கே மனிதர்களையே அடிமைகளாக விற்றார்கள் என்பது கொடுமை. ஆனால் அந்தச் சந்தையிலும், கால்நடைச் சந்தையிலும், நோயையும் குறையையும் விற்பவர் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும் என்று சந்தை அதிகாரிகளின் ஆணை இருந்தது.

வீட்டுக்கும் ஒரு கதை உண்டு. கி.மு. 44-ல் சிசரோ கடமைகள் பற்றி எழுதிய நூலில் அதைச் சொல்கிறார். ரோமில் பறவைச் சகுனம் பார்க்கும் அதிகாரிகள், குன்றின்மேல் இருந்த ஒரு வீடு தங்கள் பார்வையை மறைக்கிறது, உயரமான பகுதியை இடித்துவிடு என்று அதன் சொந்தக்காரருக்கு உத்தரவிட்டார்கள். அவர் வாய் திறக்காமல் வீட்டை விலைக்குப் போட்டு விற்றுவிட்டார். வாங்கியவர் தலையில் இடிப்புச் செலவு விழுந்தது. வழக்கு நீதிபதி மார்க்கஸ் கேட்டோவிடம் போயிற்று. விற்கும்போது அந்த விவரம் தெரிந்திருந்தும் சொல்லாததால், நஷ்டத்தை விற்றவரே ஈடுகட்ட வேண்டும் என்று அவர் தீர்ப்பளித்தார்.

அதே நூலில் சிசரோ ஒரு கற்பனை வீட்டையும் வைத்து விவாதிக்கிறார். பார்க்க நல்ல வீடு. ஆனால் மரவேலை மோசம், எந்நேரமும் விழலாம், எல்லா அறையிலும் பாம்பு வருகிறது. இது சொந்தக்காரர் ஒருவருக்குத்தான் தெரியும். சொல்லாமல் விற்கலாமா? ஒரு தத்துவ ஞானி, வாங்கச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தவில்லையே என்கிறார். இன்னொருவர், வழி தவறிப் போகிறவனுக்கு வழி சொல்லாமல் இருப்பதைவிட இது மோசம் என்கிறார். சிசரோ இரண்டாமவர் பக்கம். கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதை நமக்குத் தெரிந்ததுதான். ரோமானியர் வீட்டிலும் புகுந்திருக்கிறது.

அப்படியானால் 'உஷார்' கொள்கை எங்கிருந்து வந்தது? இங்கிலாந்துச் சந்தையிலிருந்தும் நீதிமன்றங்களிலிருந்தும். 1603-ல் லண்டனில் ஒரு பொற்கொல்லர், ஆட்டின் வயிற்றில் விளையும், விஷத்தை முறிக்கும் என்று நம்பப்பட்ட பெசோர் கல் என்று சொல்லி ஒரு கல்லை 100 பவுண்டுக்கு விற்றார். அது அந்தக் கல் இல்லை. இதுதான் அந்தக் கல் என்று வாயால் சொன்னது போதாது, உத்தரவாதம் கொடுத்திருக்க வேண்டும் என்று வாங்கியவரின் வழக்கு தள்ளுபடியானது. வாயால் சொன்னதற்கே பொறுப்பில்லை என்றால், சொல்லாததற்கு எங்கே பொறுப்பு வரப்போகிறது?

அமெரிக்காவும் இதே வழியில் போயிற்று. 1815 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸில் ஒரு வியாபாரி, இங்கிலாந்தோடு நடந்த போர் முடிந்துவிட்டது என்ற செய்தியை ஊருக்கு முன்பே தெரிந்துகொண்டு, 111 பெரிய பீப்பாய்ப் புகையிலையை மலிவாக வாங்கிப்போட்டார். செய்தி பரவியதும் விலை 30 முதல் 50 சதவீதம் வரை ஏறியது. 1817-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், வெளியில் இருவருக்கும் சமமாகக் கிடைக்கக்கூடிய செய்தியை எதிராளியிடம் சொல்லும் கடமை வியாபாரிக்கு இல்லை என்றார். சந்தைச் செய்திக்கு இது சரியாக இருக்கலாம். ஆனால் சுவருக்குள் இருக்கும் கரையான் இருவருக்கும் சமமாகத் தெரிகிற செய்தியா?

கரையான் ஏன் கேள்வியை மாற்றியது?

கரையான் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் வழக்கின் முடிச்சு புரியும். நிலத்தடிக் கரையானுக்கு ஈரம் வேண்டும், வெளிச்சம் ஆகாது. மண்ணில் கூடு கட்டி, அங்கிருந்து சுவர்மீதும் விரிசல் வழியாகவும் பென்சில் கனத்துக்கு மண்குழாய் போட்டு மரத்தை அடைகிறது. மரத்தை உள்ளிருந்து தின்று, மேல்தோலையும் பெயிண்டையும் விட்டுவைக்கிறது. அரை மணி நேரம் வீட்டைச் சுற்றிப் பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. வருடக்கணக்கில் அங்கே வசிக்கிறவருக்குத் தெரியும். மழை பெய்த மறுநாள் வீட்டுக்குள்ளிருந்தே ஈசல் கிளம்பும். ஜன்னலோரம் இறகு உதிர்ந்து கிடக்கும். சுவரில் மண்கோடு தெரியும், துடைத்தால் சில நாளில் மறுபடி வரும். அதாவது ஒருவருக்குத் தெரியும், மற்றவருக்குத் தெரிய வழியில்லை. தெரிந்தவர் அந்த மண்கோட்டைச் சுரண்டிவிட்டு ஒரு கோட் பெயிண்ட் அடித்தால் தடயமும் போயிற்று. இப்படிப்பட்ட இடத்தில் பார்த்து வாங்கு என்று சொல்வதற்கு என்ன பொருள்?

இந்தக் கேள்வி 1960-ல் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. ஓப்டே எதிர் ஷ்லெமையர் என்று பெயர். நமக்கு நெருக்கமான வழக்கு; ஏனென்றால் இதில் விற்கப்பட்டது ஓர் அபார்ட்மெண்ட் கட்டடம். கரையான் இருந்தது விற்றவர்களுக்குத் தெரியும். கரையான் ஒழிப்பவரை வைத்து ஓரளவு வேலையும் நடந்திருந்தது. ஆனால் முழுமையாக முடியவில்லை. வாங்கியவர்களிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு வாங்கியவர்கள் கண்டுபிடித்து வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றம் 3,950 டாலர் நஷ்டஈடு கொடுத்தது.

மேல்முறையீட்டில் விற்றவர்கள் சொன்ன வாதம் நாம் லிஃப்ட் அருகில் கேட்ட வாதம்தான். அவர்கள் கரையான் இருக்கிறதா என்று கேட்கவே இல்லையே, நாங்கள் ஏன் சொல்ல வேண்டும்? மாசசூசெட்ஸ் தீர்ப்பையும் எடுத்து நீட்டினார்கள். வாஷிங்டன் நீதிமன்றம் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, பின்பற்ற மறுத்தது. பேஜ் கீட்டன் என்ற சட்டப் பேராசிரியர் 1936-லேயே, நியாயமும் நேர்மையும் சொல்லக் கோருகிற இடத்தில் மௌனம் குற்றம்தான், நீதிமன்றங்கள் அந்தத் திசையில் நகர்ந்துகொண்டிருக்கின்றன என்று எழுதியிருந்தார். அதை ஏற்று, கரையான் ஆபத்தான, மறைந்திருக்கும் குறை. வாங்குபவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் தெரிந்தவர் சொல்லியாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 3,950 டாலரும் உறுதியானது. 1942-க்கும் 1960-க்கும் இடையே 18 ஆண்டுகள். அதே பூச்சி, அதே மௌனம், வேறு தீர்ப்பு.

"உள்ளது உள்ளபடி" எதை மூடும், எதை மூடாது?

இனி, எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால்? இந்தக் கேள்வி 1963-ல் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் லிங்ஷ் எதிர் சாவேஜ் என்ற வழக்கில் வந்தது. அதில் கரையான் இல்லை. சான் பிரான்சிஸ்கோ கட்டடம் ஒன்றின் பழுதும், அதிகாரிகளின் தடையும் மறைக்கப்பட்டதாகப் புகார். ஒப்பந்தத்தில் 'உள்ளது உள்ளபடி' வாசகம் இருந்தது. நீதிமன்றம் நிதானமாகப் பிரித்துச் சொன்னது. அந்த வாசகத்தின் பொருள், வாங்குபவர் கண்ணால் பார்க்கக்கூடிய நிலையில் பொருளை ஏற்கிறார் என்பதுதான். உடைந்த படிக்கட்டு, வெடித்த சுவர், ஓட்டைக் குழாய் எல்லாம் அதற்குள் அடங்கும். விற்பவருக்கு மட்டும் தெரிந்து, வாங்குபவரால் காண முடியாமல் இருக்கும் குறையை அந்த வாசகம் மூடாது. மறைத்தல் மோசடி, மோசடிக்கு அக்ரிமெண்டில் இடம் இல்லை.

1985-ல் புளோரிடா உச்ச நீதிமன்றமும், ஒழுகும் கூரையை மறைத்து விற்ற 3,10,000 டாலர் வீட்டு வழக்கில், வாங்குபவர் எளிதில் காண முடியாத முக்கியக் குறையைத் தெரிந்தவர் சொல்ல வேண்டும் என்று அறிவித்தது. கலிபோர்னியா ஒரு படி மேலே போய்ச் சட்டமே இயற்றி, விற்பவர் தனக்குத் தெரிந்த குறைகளை அச்சிட்ட படிவத்தில் எழுதித் தர வேண்டும் என்று 1987 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்தியது. 'உள்ளது உள்ளபடி' என்று எழுதி அந்தப் படிவத்தைத் தவிர்க்க முடியாது. பிற மாநிலங்கள் பலவும் இப்படிப் படிவம் கொண்டுவந்தன.

முதலில் சொன்ன மாசசூசெட்ஸ்? வியாபாரமாக விற்பவர்களுக்கு அங்கே நுகர்வோர் சட்டம் கடிவாளம் போட்டிருக்கிறது. ஆனால் தன் வீட்டை விற்கும் தனி மனிதர் வெறுமனே பேசாமல் இருந்தால் பொறுப்பில்லை என்ற 1942 கொள்கையை அம்மாநில உச்ச நீதிமன்றம் 1983-லும் விட்டுவிடவில்லை. ஆகவே வரலாறு ஒரே நேர்கோட்டில் போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நம் ஊர்ச் சட்டம்

இதைப் படிக்கும்போது, அமெரிக்காவுக்கே இவ்வளவு காலம் ஆயிற்று, நம் சட்டத்தில் என்ன இருக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டுதான் புரட்டினேன். வியப்பு காத்திருந்தது.

1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 55. விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் அவரால் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறை சொத்திலோ உரிமையிலோ இருந்தால் அதை விற்பவர் வெளிப்படுத்தக் கடமைப்பட்டவர். அதே பிரிவின் கடைசியில், வெளிப்படுத்தாமல் விடுவது மோசடி என்றும் போட்டிருக்கிறது. மாசசூசெட்ஸ் தீர்ப்புக்கு 60 ஆண்டு முன்பே எழுதப்பட்ட சட்டம் இது. இதை இயற்றிய பிரிட்டிஷ் ஆட்சியின் சொந்த நாட்டில் கட்டடக் குறையைத் தானாகச் சொல்லும் பொதுக் கடமை விற்பவருக்கு இல்லை. நமக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். அந்தப் பிரிவு, மாறான ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் என்று தொடங்குகிறது. ஆகவே எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று படித்துப் பார்க்க வேண்டும். ஆனால் தெரிந்த உண்மையை முனைந்து மறைப்பது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் பிரிவு 17-ன்படி தனியாகவே மோசடி. மண்கோட்டைச் சுரண்டிப் பெயிண்ட் அடிப்பது இதில் வரும் என்பதே என் எளிய புரிதல். தேவைப்படுபவர்கள் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது, பில்டரிடம் புதிதாக வாங்குபவர்களுக்கு 2016-ஆம் ஆண்டு ரெரா சட்டம் கட்டுமானக் குறைகளுக்கு 5 ஆண்டுப் பாதுகாப்புத் தருகிறது. மறுவிற்பனையில் வாங்குபவருக்கு, விற்கும் ஓனர்மீது அந்தச் சட்டம் துணை வராது.

அதே பிரிவு 17-ல் குதிரையை வைத்துச் சில உதாரணங்கள் கொடுத்திருக்கிறார்கள். நோயுள்ள குதிரையை ஏலத்தில் விற்பவர் பேசாமல் இருந்தால் அது மோசடியாகாது. ஆனால் வாங்குபவர், "நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்" என்று சொல்லி, விற்பவர் பேசாமல் இருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். 150 ஆண்டுப் பழைய உதாரணம். ஃப்ளாட் வாங்குகிற ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்ய வேண்டியது.

என் கணக்கில் ஒரு பாக்கி

இவ்வளவு எழுதிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நானும் மறைத்தவன் ஆவேன்.

இந்த வளாகத்துக்கு வருமுன் மடிப்பாக்கத்தில் எங்களுக்கு ஒரு தனி வீடு இருந்தது. 2011-ல் விற்றோம். பூஜை அலமாரிக்குப் பின்னால் இரண்டு வருடமாக மண்கோடு வந்துகொண்டிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றித் துடைப்பேன், மறுபடி வரும். விற்பதற்கு முன் வீட்டுக்கு ஒயிட்வாஷ் அடித்தபோது அந்த மூலைக்கும் சேர்த்து அடித்தாயிற்று. வாங்க வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். இரண்டு முறை வந்து பார்த்தார். கிணற்றுத் தண்ணீர் எப்படி, பட்டா பெயர் மாற்றம் ஆயிற்றா என்றெல்லாம் கேட்டார். கரையானைப் பற்றிக் கேட்கவில்லை. "சொல்லிடலாமேங்க" என்றாள் என் மனைவி. "கேட்டால் சொல்வோம்" என்றேன். மகளின் கல்யாணத்துக்குத் தேதி குறித்திருந்தோம்.

ஒன்றரை வருடம் கழித்து அவர் போன் செய்தார். சத்தம் போடவில்லை. "பூஜை ரூம் நிலையும், பக்கத்து ரூம் நிலையும் போயிடுச்சு சார். உங்க காலத்துல இருந்துச்சான்னு தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேன்" என்றார். "எங்க காலத்துல அப்படி ஒண்ணும் தெரியலையே" என்று சொல்லிவிட்டேன். அதுவரை பேசாமல் இருந்ததுதான் என் தவறு. அந்த நிமிடத்தில் பொய்யும் சேர்ந்துகொண்டது.

அந்தப் பயிற்சி வகுப்பு அதற்குப் பிறகுதான். மாசசூசெட்ஸ் தீர்ப்பைக் கேட்டு எனக்கு ஏன் நிம்மதி வந்தது என்று இப்போது உங்களுக்குப் புரியும். பிரிவு 55-ஐப் படித்த பிறகு அந்த நிம்மதி போய்விட்டது. சட்டம் அந்தச் செயலுக்கு வைத்திருந்த பெயர், நான் வங்கியில் மற்றவர்களின் கோப்புகளில் எழுதிய அதே பெயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு மடிப்பாக்கம் போனேன். தெரிந்தே சொல்லவில்லை என்று சொன்னேன். தச்சு வேலைக்கும் மருந்துக்கும் ஆன செலவைக் கொண்டுபோயிருந்தேன். அவர் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். காபி கொடுத்தார்கள். புதிய நிலையைக் காட்டினார்கள். பேச்சு அதிகம் இல்லை. பணக் கணக்கு நேராயிற்று. மற்றது நேராயிற்றா என்று இன்றுவரை தெரியவில்லை.

நாம் செய்யக்கூடியது

நம் கட்டடத்துக்கு வயதாகிறது. இனி விற்பனைகள் கூடும். விற்கிறவரும் வாங்குகிறவரும் ஒரே கேட் வழியாகத்தான் போய்வரப் போகிறோம். ஆகவே சில யோசனைகள்.

வாங்குபவர்கள் கேள்வியை எழுதிக் கேளுங்கள். கரையான், தண்ணீர்க் கசிவு, மின் இணைப்புப் பழுது, மருந்தடித்த விவரம் ஆகியவற்றை ஒரு தாளிலோ வாட்ஸப்பிலோ கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். "நீங்கள் மறுக்காவிட்டால் இல்லை என்று எடுத்துக்கொள்கிறோம்" என்ற ஒரு வரியைச் சேருங்கள். அக்ரிமெண்ட் போடுமுன் ஒரு பெஸ்ட் கண்ட்ரோல் ஆளை அழைத்து வார்ட்ரோப் பின்பக்கம், கதவு நிலைகள், குளியலறையை ஒட்டிய மரவேலை, குழாய் போகும் டக்ட் ஓரம் ஆகியவற்றைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே தின்றுபோன மரம் தட்டினால் வெற்றொலி தரும்.

விற்பவர்கள் 'உள்ளது உள்ளபடி' என்று எழுதுவதோடு, உள்ளது என்ன என்பதையும் எழுதிக் கொடுங்கள். மருந்தடித்த ரசீது இருந்தால் இணையுங்கள். விலையில் கொஞ்சம் குறையலாம். இரவில் போன் மணி அடித்தால் பயப்பட வேண்டாம்.

இதற்காக ஒரு பக்கப் படிவம் தயார் செய்து சங்க அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். கட்டாயம் எதுவும் இல்லை, விரும்பியவர் நிரப்பலாம். எங்கள் ஃப்ளாட்டை விற்கும் எண்ணம் இப்போது இல்லை. இருந்தாலும் முதல் படிவத்தை நானே நிரப்பிவிட்டேன்: சமையலறை சிங்க் அடியில் கரையான் வந்து மருந்தடித்தது, ஓராண்டாக இல்லை, பொதுக் குளியலறையிலிருந்து கீழ் வீட்டு மேற்கூரையில் லேசான கசிவு, இன்னும் சரிசெய்யவில்லை.

கீழ் வீட்டுக்காரர் இதைப் படித்தால், அடுத்த வாரம் பிளம்பர் வருகிறார் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.